கீச்சான் இருந்த தொட்டி

கண்ணாடித் தொட்டி துடைப்பதைப் பற்றி என்னைக் கேட்டால் கொஞ்சம் சொல்ல முடியும். நெல்லூரில் ஒரு ஓட்டலில் வேலை செய்தபோது, சாப்பிட வருகிறவர்கள் பார்ப்பதற்காக வைத்திருந்த பெரிய மீன் தொட்டி என் பொறுப்பில் இருந்தது. தண்ணீர் மட்டத்தில் வெள்ளையாகப் பூக்கும் உப்பின் மேல் வினிகரில் நனைத்த துணியை ஒட்டிவைத்து ஊறவிட்டால் எடுத்துவிடலாம். பாசியைப் பழைய ஏ.டி.எம். அட்டையால் வழித்தால் போதும். கீறல் விழுந்த கண்ணாடியை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. பற்பசையைத் தடவித் தேய்க்கச் சொல்வார்கள். தேய்த்திருக்கிறேன். பற்பசை தீர்ந்துபோகும், கீறல் அப்படியே இருக்கும்.

இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று ஓட்டல் முதலாளி கேட்டார். எங்கள் வீட்டில் என்றேன். மீன் பிடிக்கிற வீட்டில் மீன் தொட்டி எதற்கு என்று சிரித்தார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

எங்கள் ஊர் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கிறது. முன்பக்கம் ஏரி, பின்பக்கம் கொஞ்சம் நடந்தால் கடல். மீனை உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் கிடையாது. அந்த ஊரில் கண்ணாடித் தொட்டிக்குள் மீன் விட்டு வைத்திருந்த ஒரே வீடு எங்களுடையது.

தொட்டியைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. மூடிப்போன ஒரு இறால் குஞ்சுப் பண்ணையில் காவல் வேலை பார்த்தார். பண்ணைக்காரர்கள் வேண்டாம் என்று விட்டுப்போன சாமான்களில் அதுவும் ஒன்று. ஷேர் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு எங்களுடையது, மொத்தமும் ஒரே கூடம். டிவி இருந்த கடப்பைக்கல் மேடையில் தொட்டி ஏறியது. டிவி தரைக்கு இறங்கியது. ஏரித் தண்ணீரையே குடத்தில் மொண்டு ஊற்றினோம். நைனா, வலையில் உயிரோடு வந்த இரண்டு கீச்சான் குஞ்சுகளை அதில் விட்டார். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

கீச்சானுக்கு உடம்பில் வில் மாதிரி வளைந்த கறுப்புக் கோடுகள் உண்டு. கையில் பிடித்தால் கீச்சுகீச்சென்று கத்தும். சந்தையில் பெரிய மதிப்பில்லாத மீன். தொட்டிக்குள் போனதும் அதற்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கொழம்புல கெடக்க வேண்டியது கொலு பொம்மையாட்டம் நிக்குது" என்று அம்மாவைக் கேலி செய்தார்கள்.

காலையில் ஏரியிலிருந்து திரும்பியதும் நைனா குளிப்பதற்கு முன்பே தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்துவிடுவார். வலையில் வருகிற மீன் செத்துக்கொண்டே வருகிறது, அது சும்மா இருப்பதை இங்கேதான் பார்க்க முடிகிறது என்பார். தேநீர் ஆறிப்போகும். அம்மா திட்டுவாள். மறுநாளும் அதேதான் நடக்கும்.

அடுத்த கோடையில் அவர், "கோடு தெர்ல, கண்ணாடிய தொடைங்க" என்றார். முதல்முறை அவர் சொன்னபோது அது உண்மைதான். உவர்த்தண்ணீர் வற்றி வற்றி விளிம்பில் உப்புத் தோல் கட்டியிருந்தது. உள்பக்கம் பச்சையாகப் பாசி. படகின் அடியில் ஒட்டுகிற சின்னச் சிப்பிகள் தண்ணீரோடு வந்து கண்ணாடியிலும் மிளகு மிளகாக ஒட்டியிருந்தன. அம்மா பழைய நைலான் வலைத் துண்டைச் சுருட்டிப் பாசியைத் துடைத்தாள். உப்புக்குப் புளியைக் கரைத்துத் தடவினாள். சிப்பியை நான் சவர பிளேடால் ஒவ்வொன்றாகப் பெயர்த்தேன். அன்று மாமாவும் வந்திருந்தார். மீன் கூடையையும் குழம்புச் சட்டியையும் கரை மணல் போட்டுத் தேய்த்தே பழகிய கை அம்மாவுக்கு. அதனால் அவளைப் பார்த்துக் குறிப்பாகச் சொன்னார்.

"அக்கா, இது அலுமினியம் இல்ல. மணல் பட்டுதுன்னா கண்ணாடி போச்சு, ஆமா."

"போடா, எனுக்குச் சொல்ல வந்துட்டான்" என்றாள் அம்மா.

துடைத்து முடித்தபோது கண்ணாடி இருப்பதே தெரியாத மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் நைனா உட்கார்ந்து பார்த்துவிட்டு, இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது என்றார். மறுபடி துடைத்தோம். அதற்கு மறுநாளும் அப்படியே சொன்னார். நான் மூக்கை ஒட்டிப் பார்த்தேன். கீச்சானின் கண்ணைச் சுற்றி இருந்த வளையம்கூடத் தெரிந்தது. "நல்லாத்தான் தெரியுது நைனா" என்றேன். அம்மா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். "உனுக்கு இன்னா தெரியும்? தேய்."

கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. மங்கிக்கொண்டு வந்தது நைனாவின் கண். இதை இப்போது சுலபமாக எழுதிவிட்டேன். அந்த வீட்டில் அப்போது இதை ஒருவரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. நைனா கண்ணாடியைக் குறை சொன்னார், அம்மா தினமும் காலையில் சுத்தமான கண்ணாடியைத் துடைத்தாள், பக்கத்தில் நான் சொம்போடு நின்றேன். அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன்.

நைனா ஏன் சொல்லவில்லை என்பது ஊர் வழக்கம் தெரிந்தால்தான் புரியும். ஏரியில் இறால் விழுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அவற்றில் வலை கட்டுவதை எல்லா வீட்டுக்கும் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பருவம் தொடங்குவதற்கு முன் கோயிலில் சீட்டுப் போட்டு யாருக்கு எந்த இடம், எந்த முறை என்று முடிவு செய்வார்கள். படகில் நிற்கத் தெம்புள்ள ஓர் ஆண் இருக்கிற வீட்டுக்கு ஒரு சீட்டு. அவனால் முடியாமல் போனால் வளர்ந்த மகன் அந்த இடத்துக்கு வருவான். மகன் இல்லாத வீட்டுக்குச் சீட்டுக் கிடையாது. எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். நைனாவின் கண் போய்விட்டது என்று கோயிலில் யாராவது சொன்னால், அன்றோடு அந்த ஏரியில் எங்களுக்கு இடம் இல்லை.

கை அவரை நன்றாகவே காப்பாற்றியது. கிழிந்த வலையை முன்போலவே வேகமாகப் பின்னினார். வலை பின்னக் கண் வேண்டியதில்லை, விரலுக்கே கண்ணி தெரியும். படகைக் கழி ஊன்றியே நடத்திவிடுவார். ஆழத்தை வைத்து எங்கே போகிறோம் என்று சொல்லிவிடுவார். கரையில்தான் தடுமாறினார். கடைக்குப் போகும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டு வருவார். என் மேல் பிரியம் அதிகமாகிவிட்டது என்று நான் பெருமைப்பட்டேன். விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வட்டம் தெரிகிறது என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். எனக்கும் அப்படித் தெரிய வேண்டும் என்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்து ஏமாந்தேன். சில நாட்கள் தலைவலி வந்து துண்டால் நெற்றியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரோரம் படுத்துவிடுவார். அம்மா தைலம் தேய்ப்பாள். வெயில் என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் கண் முகாம் வந்தது. பழவேற்காடு பள்ளிக்கூடத்தில் நடக்கிறது, எல்லோரும் வந்து இலவசமாகக் கண்ணைக் காட்டிக்கொள்ளலாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிக் கத்திக்கொண்டு தெருத்தெருவாக வந்தார்கள். எங்கள் வாசலுக்கு நேரே வண்டி நின்றது. நைனா கூடத்தில் வலையோடு உட்கார்ந்திருந்தார். ஊசி பிடித்த கை நின்றது. அம்மா எழுந்துபோய் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். அப்புறம் வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எங்கூட்ல எல்லாருக்கும் கண்ணு நல்லாத்தான் கீது, வேற ஊட்டப் பாரு" என்றாள். வண்டி போய்விட்டது. நைனா மறுபடி பின்ன ஆரம்பித்தார். முகாமுக்குப் போனால் பிஸ்கட் பாக்கெட் தருகிறார்களாம் என்று கேள்விப்பட்டிருந்ததால் நான் அன்று முழுக்க அழுதுகொண்டிருந்தேன்.

சீட்டுப் போடுவதற்குச் சில நாட்கள் முன்பு நைனா ஒரு தவறு செய்தார். தன் முறைக்கு வலை கட்டப் போனவர், பக்கத்து இடத்துக்காரரின் கழிகளைத் தன்னுடையவை என்று நினைத்து அவற்றிலேயே கட்டிவிட்டார். ஏரியில் இதைவிடப் பெரிய குற்றம் இல்லை. வேண்டுமென்றே செய்ததாகச் சிலர் சண்டைக்கு வந்தார்கள். சிலர் சத்தம் போடாமல் யோசித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடி, நைனாவின் அண்ணனையே அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். நான் பெரிய நைனா என்று கூப்பிடுகிறவர். தம்பிக்குப் பார்வை இருக்கிறதா இல்லையா என்று அவர் பார்த்துவந்து கோயிலில் சொல்லவேண்டும்.

பெரியம்மா, மீன் ஏலம் விடுகிற இடத்தில் அம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டாள். கூடையைத் தலையில் தூக்கிவிடுகிற சாக்கில் குனிந்து சொன்னாள். "நாளைக்கு எங்கூட்டுக்காரு வருவாரு. அந்த மீனு தொட்டிய வச்சுத்தான் கேப்பாரு. பாத்துக்கோ."

மறுநாள் மதியம் நைனா வலை காயவைக்கக் கரைக்குப் போயிருந்தார். அம்மா கீச்சான்களைக் குடத்துக்கு மாற்றினாள். தண்ணீரை மொண்டு வெளியே கொட்டினாள். "போய் ஒரு கூடை மணல் அள்ளினு வா" என்றாள்.

"மாமா மணல் போடக்கூடாதுன்னாரு."

"அள்ளினு வாடின்னா."

சிப்பி நொறுங்கிக் கலந்த கரை மணல். கொண்டுவந்து கொடுத்தேன். தேங்காய் நாரில் அதைத் தொட்டு அம்மா கண்ணாடியைத் தேய்த்தாள். உள்ளே, வெளியே, மூலை, முடுக்கு எதையும் விடவில்லை. படகைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் சுரண்டுகிற மாதிரி, இரண்டு கையையும் போட்டு உடம்பின் பாரத்தையே கொடுத்துத் தேய்த்தாள். அந்தச் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. காதைப் பொத்திக்கொண்டேன். மாமா சொன்னதை அவள் மறந்துவிட்டாள் என்றும், அவர் வந்தால் நன்றாகத் திட்டு வாங்கப்போகிறாள் என்றும் நினைத்தேன். தேய்த்துக் கழுவி, மறுபடி தண்ணீர் நிரப்பி மீன்களை விட்டபோது, தொட்டிக்குள் பால் கலந்த மாதிரி இருந்தது. உள்ளே ஏதோ நகர்வது மட்டும் தெரிந்தது.

பெரிய நைனா வந்தார். அவரும் சங்கடத்தோடுதான் வந்திருக்க வேண்டும். மழையைப் பற்றிப் பேசினார், முகத்துவாரம் மணல் மூடிக் கிடப்பதைப் பற்றிப் பேசினார், தேநீரைக் குடித்து முடித்தும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. கடைசியில் தொட்டிப் பக்கம் திரும்பினார்.

"இன்னாடா தம்பி, இந்த மீனப் பத்தி ஊரே பேசுது. எத்தினி வச்சிகீற?"

"ரெண்டு கீச்சான்ணா."

"எங்க, காட்டு. இப்ப எந்தப் பக்கம் கீது?"

நைனா முன்னால் சாய்ந்தார். கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். நெற்றியில் வியர்வை பூத்தது. அம்மா அடுப்பு மூலையில் நின்று எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ கழுவினாள். கழுவ அங்கே பாத்திரம் ஒன்றும் இல்லை.

"தெர்லணா" என்றார் நைனா. குரல் இறங்கிவிட்டது. "கண்ணாடி மங்கிப்போச்சு. எத்தினி வாட்டி தொடச்சாலும் சரியாவ மாட்டேங்குது."

பெரிய நைனா எழுந்துவந்து குனிந்தார். கையை மறைப்பாக வைத்துப் பார்த்தார். ஓரத்திலிருந்து பார்த்தார். "ஆமாடா" என்றார். "ஒரு எழவும் தெர்ல." என்னை இழுத்து முன்னால் நிறுத்தினார். "பாப்பா, உனுக்குத் தெரியுதா?"

"தெர்ல பெரிய நைனா" என்றேன். அது உண்மைதானே.

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நைனாவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "நான் வேற இன்னாவோ நெனச்சுக்கினு வந்தேன்டா. குருட்டுத் தொட்டிய வச்சிக்கினு ஊரக் கெடுக்குறான் பாரு" என்றார். நைனாவும் சிரித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. கோளாறு கண்ணாடியில்தான் என்று அந்த நேரத்தில் அவரே நம்பிவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று சாயங்காலம் எனக்குப் பரோட்டா வாங்கித் தந்தார்.

கோயிலில் எங்கள் வீட்டுப் பெயர் விழுந்தது. நல்ல இடமே கிடைத்தது.

மறுநாள் காலையில் நைனா தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டார். வலையில் எங்கே கண்ணி அறுந்திருக்கிறது என்று தடவிப் பார்ப்பாரே, அதே மாதிரி மேலிருந்து கீழே, பிறகு குறுக்கே, மெதுவாகத் தடவினார். தேநீர் கொண்டுவந்த அம்மா நிலைப்படியிலேயே நின்றாள். அவர் டம்ளருக்காகக் கையை நீட்டினார். அவள் அதை அவர் விரலில் படும்படி வைத்தாள்.

அதற்குப் பிறகு கண்ணாடியைத் துடைக்கச் சொல்லி நைனா ஒருநாளும் கேட்கவில்லை. மாமா வந்து பார்த்துவிட்டுக் குதித்தார். கை தவறி மணல் பட்டுவிட்டது என்று அம்மா சொன்னாள். அவர் சொன்னபடி நான் பற்பசை வைத்து ஒரு வாரம் தேய்த்தேன். கீறல்களுக்குள் பாசி போய் உட்கார்ந்துகொண்டது. வெள்ளையாக இருந்த கோடுகள் பச்சையாகின. மேலே துடைத்தால் மேலே போயிற்று, கோட்டுக்குள் இருந்தது வரவில்லை. ஒரு கீச்சான் செத்து மிதந்தபோதுதான் அதை நன்றாகப் பார்த்தேன். பெரிதாகி இருந்தது.

அந்தப் பருவம் முழுக்க நைனா பாடு முறைக்குப் போனார். இறால் நன்றாகவே விழுந்தது. அம்மா எனக்குப் புதுப்பாவாடை எடுத்தாள். தலையில் துண்டு கட்டுகிற நாட்கள் கூடிக்கொண்டே போயின. தை மாதம் கழிந்து ஒரு காலையில் அவர் ஏரியிலிருந்து வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து, தரையில் இருந்த டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். டிவி ஓடவில்லை. அதையே பார்த்துக்கொண்டு, "இன்னொரு மீனும் செத்துப்போச்சா?" என்று கேட்டார். மீன் அவருக்குப் பக்கத்தில், தலைக்கு மேலே, தொட்டியில் நீந்திக்கொண்டிருந்தது.

அம்மா அன்றே அவரைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் போனேன். பெரிய ஆஸ்பத்திரி. வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்தது. டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். விளக்கடித்துப் பார்த்தார், மருந்து விட்டுப் பார்த்தார், வேறொரு டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி ஏறி நரம்பு செத்துப்போச்சு. செத்தது வராதும்மா. ஆரம்பத்திலேயே வந்திருந்தா இருந்த பார்வையக் காப்பாத்தியிருக்கலாம். எவ்ளோ நாளா இப்படி இருக்கு? வீட்ல யாரும் கவனிக்கவே இல்லையா?"

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் நைனா சொல்லிவிட்டார். "அவளுக்குத் தெரியாது மேடம். நாந்தான் சொல்லல."

வெளியே வராந்தாவில் தூணோரம் உட்கார்ந்தோம். அம்மா தூக்குச்சட்டியைத் திறந்து, எலுமிச்சைச் சோற்றை அவர் கையில் உருட்டி வைத்தாள். அவர் சாப்பிடவில்லை. அவள் கேட்டாள்.

"ஏன்யா அப்படிச் சொன்ன?"

"வேற இன்னா சொல்றது?"

"எனுக்குத் தெரியும்னு உனுக்குத் தெரியுமா?"

"சீட்டுப் போட்ட மறுநாளு தடவிப் பாத்தனே" என்றார் நைனா. "மணலு. நீதான்."

அம்மா சட்டியை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. எடுத்து மறுபடி மூடினாள்.

"அப்பவே கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா நீ ஏரிக்கு வுட மாட்ட."

"மாட்டேன்தான்" என்றாள் அம்மா. "அன்னிக்கே இங்க இட்னு வந்திருப்பேன்யா."

 சோற்று உருண்டை நைனாவின் உள்ளங்கையில் அப்படியே இருந்தது.

அவர்கள் இன்னும் அந்தத் தொட்டிக்காகத்தான் சண்டை போடுகிறார்கள் என்று நான் நினைத்தேன். இவ்வளவு தூரம் வந்தும் அதையே பேசுகிறார்களே என்று அலுப்பாக இருந்தது. சமாதானம் செய்துவைக்கலாம் என்று, "மாமாகிட்டச் சொன்னா வேற தொட்டி கொண்டாருவாரு. இதத் தூக்கிப் போட்டுடலாம்" என்றேன்.

நைனா சிரித்தார். நான் இருந்த பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. இவ்வளவு நல்ல யோசனை சொல்லியும் முகம் கொடுக்கவில்லையே என்று எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. பேருந்தில் அவள் பக்கத்தில் உட்காராமல் நைனாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். பொன்னேரி வரும்வரை அவளோடு பேசவில்லை.